துரையும் தகரடப்பாவும்

அன்று காலை பத்து மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டில் விளிம்பில் அக்கா, நிலைப்படியில் சாய்ந்தபடி அத்தான், இருந்த ஒரே நாற்காலியில் கேமராக் கடைக்காரர், மேசைமேல் இரண்டு பழைய ஃபிலிம் கேமராக்கள், பக்கத்தில் வீட்டார் ராக்கோழி என்று கூப்பிடும் தம்பி.

கிடங்கு ஒன்றில் பார்த்த இரவுக் காவல் வேலையைப் பாதியில் உதறிவிட்டு வந்து, எட்டு மாதமாக அந்த அறையில்தான் கிடந்தான். இந்த மாதத்துக்குள் ஒரு வேலை, இல்லையென்றால் அறையைக் காலி செய் என்று அக்கா சொல்லிவிட்டாள். கடைக்காரருக்கோ பழைய கேமராக்களைப் பார்த்துத் தரம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. உன்னிடம் இருக்கும் இரண்டிலும் ஒவ்வொரு சுருள் படம் எடுத்துக் கொடு, கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றிருந்தார்.

ராக்கோழி தரம் சொல்ல ஆரம்பித்தான். மனிதர்களிடம் நாலு வார்த்தை பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவனுக்கு, திருகாணியைப் பற்றி என்றால் மடை திறந்துவிடும். கனமான கேமராவுக்கு அவன் வைத்திருந்த பெயர் துரை. மேல்தகடு முழுப் பித்தளை. ஷட்டர் விழுவது எடுப்பவன் காதுக்கே கேட்காது. மற்றது தகரடப்பா. ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். ஃபோகஸ் வளையம் பால்பல் மாதிரி ஆடும். லென்ஸ் மூடி நிற்கவே நிற்காமல் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. துரையைக் கவிழ்த்து உதறினாலும் மூடி கழலாது. அரை மணி நேரம் பேசினான். எட்டு மாதத்தில் அவன் பார்த்த முழு வேலை அதுதான்.

கடைக்காரர் கேட்டு முடித்து, பையிலிருந்து இரண்டு நெகட்டிவ் சுருள்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தகரடப்பாவின் சுருளில் அக்கா, அத்தான், துணிக்கொடி எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. துரையின் சுருளில் முப்பத்தாறும் வெறுமை.

ராக்கோழிக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் கண் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. மூடியைக் கழற்றாமலே நாள் முழுக்க உலகத்தை அழகாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேமரா வாங்குவதற்கு முன்பிருந்தே அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூடியைக் கழட்டாமலே எடுத்திருக்கேன்," என்றான்.

"மூடி நல்ல தரம்தான் தம்பி," என்றார் கடைக்காரர்.

அத்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இஸ்திரி போட்ட சட்டையோட நான் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னது?"

ராக்கோழி மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினான். முதலில் போர்வை, பிறகு துரை.

கடைக்காரர் துரையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் என் கடையில் ஃபிலிம் போட்ட கேமராவை நீ தொடவே கூடாது என்றார். மற்றபடி நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடலாம்.

காலை என்றதும் ராக்கோழி வாயைத் திறந்தான்.

"வந்துருவான்," என்றாள் அக்கா.

மறுநாள் எட்டரைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே செருப்பை மாட்டியவன், துரையை மறந்துவிட்டேன் என்று திரும்பினான்.

"அது இங்கயே இருக்கட்டும். நீ போடா."

அக்கா கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.