தாடையைக் கேட்டுச் சொல்கிறோம்

தாடை இன்னும் பதில் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரில், தலை குனிந்திருந்த சின்ன மருமகளைத் தவிர மற்ற மூவரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத் தலைவருக்கு உரிய இடத்தில், மடித்த வெள்ளைக் கைக்குட்டையின் மேல் அது வீற்றிருந்தது. கண்ணாடி போன்ற பிசினில் முப்பரிமாணமாக அச்சடித்த மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டையும் இணைக்கும் கீல், கீலில் ஒரு சுருள்வில். கீழ்த்தாடைக்குள் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பின் பாதை அது. அறுவை மருத்துவம் பழகுகிறவர்கள் இப்படிப்பட்ட தாடையில்தான் துளையிட்டுப் பழகுவார்கள். சிவப்புத் தூள் பறந்தால் நரம்பு போயிற்று, தேர்வும் போயிற்று. இந்த வீட்டுப் பெரிய மகன் மட்டும் அந்தக் கோட்டை, "தம்பியோட ரத்தம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"தம்பி, உன் பொண்டாட்டி காலேஜுல டாக்டர் பசங்களுக்கு ஆபரேஷன் சொல்லித் தரப் போகணுங்கிறா. அனுப்பலாமா?" என்று கேட்டு, தாடையை மூடி அழுத்திவிட்டுக் கையை எடுத்தார் அவர்.

வாய் திறந்தால் சம்மதம். திறக்காவிட்டால் இல்லை. திறக்கவில்லை.

கணவனை இழந்தவள் அவனைக் கேட்காமல் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். செத்தவன் எப்படிப் பதில் சொல்வான் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் மூத்த ஆண் யாரோ அவர் சொல்வார். சின்ன மகன் காய்ச்சலில் போன பிறகு அந்த வேலையை அண்ணனான பெரியவர்தான் பார்த்து வந்தார். அப்போதுதான் தாடை வந்தது. சின்ன மருமகள் பல் மருத்துவக் கல்லூரியில் தாடை ஸ்கேன்களை ஆராய்கிறவள். அவள் கணவனும் அங்கே ஒருமுறை ஸ்கேன் எடுத்திருந்தான். குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பேராசிரியர் நல்ல மனதோடு அதை அச்சடித்துக் கொடுத்தனுப்பினார். நல்ல மனதோடு கொடுத்த பொருள் எந்த வீட்டில் என்னவாக மாறும் என்று கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

தம்பியின் ஸ்கூட்டரைத் தான் ஓட்டலாமா என்று பெரியவர் கேட்டபோது, தாடை சிரிப்பதுபோல் வாயைப் பிளந்தது. தோழியின் கல்யாணத்துக்குப் போகலாமா என்று அவளுக்காகக் கேட்டபோது பூட்டுப் போட்டது போலிருந்தது. பெரியவர் கெட்டவர் அல்லர். வில்லை இறுக்கியோ தளர்த்தியோ தம் கட்டைவிரல் செய்ததைத் தம்பியே செய்ததாக மனப்பூர்வமாக நம்பினார். வீடுகளில் நடக்கும் கொடுமைகளில் பாதி இப்படி மனப்பூர்வமாக நடப்பவைதான்.

"பாத்தியா, அவனுக்கு மனசு இல்ல," என்றார். பிறகு தம்மேல் பழி வரக் கூடாது என்றோ என்னவோ, "வேணும்னா நீயே கிட்ட வந்து கேளும்மா. நான் தடுத்தேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது," என்றார்.

ஊரார் தாடைகளையெல்லாம் மயிரிழை பிசகாமல் பார்க்கிறவள், இந்த ஒன்றை மட்டும் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அதன் முன்னால் தலை குனிந்துதான் உட்கார வேண்டும். அதுவும் மேசையின் கடைசியில். இப்போது பக்கத்தில் போய்க் குனிந்தாள். கேட்க வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். கீழ்த்தாடையின் இடப்பக்கக் கோடியில் ஒரு ஞானப்பல், நாற்காலியில் தூங்கிச் சாய்ந்தவனைப் போல அடுத்த கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. அவள் கணவனுக்கு ஞானப்பற்களே கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள்.

"என்ன, பேச்சே வரல?" என்றாள் ஓரகத்தி, பெரியவரின் மனைவி.

சம்பளம் வரும் ஸ்கேன் வேலைக்கு மட்டும் தாடை முன்பே வாய் திறந்து சம்மதித்திருந்தது; அதற்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள் கிளம்பிவிட்டாள்.

கல்லூரியில் பேராசிரியர் எதிரிலேயே வந்தார். ஒவ்வொரு தாடையிலும் நரம்பு ஒவ்வொரு வழியாகப் போகிறது, அதைப் படத்தில் பார்த்துக் கையில் உணர்த்தத் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நாளைக் காலைக்குள் சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

கணினியில் கணவனின் ஸ்கேனைத் திறந்தாள். ஞானப்பல் இல்லை. பிறகு, என்றோ கன்னம் வீங்கியபோது எடுத்த தன் ஸ்கேனைத் திறந்தாள். இடப்பக்கக் கோடியில் அது சாய்ந்து படுத்திருந்தது.

கல்யாணமான பெண் வந்தால் பதிவு மேசையில் கணவன் பெயரைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் 'மனைவி' என்று போடுவார்கள். அச்சடித்தவர் பெரிய எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறார். ஆக, இத்தனை நாளும் அவள் தலை குனிந்து அனுமதி கேட்டது தன்னுடைய தாடையிடம்தான்.

சிரிப்பு வந்தது. கணவன் போனபிறகு வந்த முதல் சிரிப்பு. அது நிற்காமல் போய் அழுகையானது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி மருத்துவர் பெண் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீரைக் குடித்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. மாமியார் தினமும் அந்தத் தாடையைத் துடைத்து வைக்கிறாள். மகன் என்றல்லவா துடைக்கிறாள்?

சொல்லாமல் விட்டால் பொய். சொன்னால் பெற்ற வயிற்றைக் கிழிப்பது. கடவுளே, வார்த்தையை நீயே கொடு என்று வேண்டிக்கொண்டு, மாலையில் சமையலறையில் மாமியாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தை, அந்தத் தாடை... அது அவரோடது இல்ல."

மாமியார் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அவனுக்குப் பல்லு புடுங்கிட்டு வந்தப்போ ரெண்டு நாளு என் மடியிலதான் கெடந்தான். பஞ்சு மாத்தினவ நானு. எனக்குத் தெரியாதா, அவன் வாய்ல என்ன இருந்துச்சு, என்ன இல்லன்னு?"

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

மாமியார் அடுப்பை அணைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க மாமா போனப்புறம் என்னைய வெறும் நாற்காலியக் கேக்கச் சொன்னாங்க. நாற்காலி என்னத்தச் சொல்லும்? உனக்காவது ஒரு வாய் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். யாரோ பெத்த புள்ளயோடதுன்னு தொடச்சும் வெச்சேன்." ஈரம் காயாத குரலில் கேட்டாள்: "யாரோடதும்மா அது?"

"என்னோடது, அத்தை."

மாமியார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். தினமும் துடைத்த கைக்கு அந்த வளைவு தெரிந்திருக்க வேண்டும்.

"அதான் அது வாயே தொறக்கல," என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது பெரியவர் விடுவதாக இல்லை. காலையில் கேள்வி பாதியில் நின்றுவிட்டது, தம்பிக்கு மரியாதை வேண்டாமா என்றார். ஓரகத்தி கைக்குட்டையைச் சரிசெய்தாள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அனுப்பலாமா என்று மறுபடியும் கேட்டு, தாடையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

"போறேன்," என்றாள் சின்ன மருமகள்.

குரல் உயரவில்லை. சோற்றுத் தட்டிலிருந்து கண் மட்டும் உயர்ந்திருந்தது.

பெரியவருக்குப் புரியவில்லை. "நான் உன்னக் கேக்கலம்மா. அதக் கேட்டேன்."

"பதில் வந்துடுச்சில்ல? சாப்புடு," என்றாள் அம்மா.

அவர் தாடையைக் குனிந்து பார்த்தார். கீலைத் தட்டிப் பார்த்தார். அது இறுக மூடியிருந்தது.

"எங்க வந்துச்சு, அம்மா? வாயே தொறக்கலியே."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"தொறந்துச்சுடா. நீதான் வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்த."