முப்பத்தெட்டு சென்ட் மூச்சு

தனுஷ்கோடிக்கு மூச்சு வந்த இடத்தின் பரப்பு முப்பத்தெட்டு சென்ட். ராஜபாளையத்தில் மில் குடியிருப்புக்குத் தெற்கே, தென்காசி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த நகராட்சிப் பூங்காவின் பரப்பும் அதுவே. பூங்காவின் இரும்புக் கதவுக்கு உள்ளே நின்றால் அவர் எல்லோரையும் போல மூச்சு இழுத்து விட்டார். கதவைத் தாண்டி ஓரடி வைத்தால் மூச்சு நின்றது. சர்வேயர் சங்கிலி பிடித்துப் போட்ட வரைபடமும், தனுஷ்கோடி சுவரோரமாக நடந்து மூச்சு விட்டுக் காட்டிய எல்லையும் சரியாகப் பொருந்தின. வடகிழக்கு மூலையில் மட்டும் நான்கு அங்குலம் உதைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பும்போது அந்த நான்கு அங்குலத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

தனுஷ்கோடி என் அண்ணன். இருபத்திரண்டு வருடம் பஞ்சு மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமும் மீசையும் கிழவருடையதைப் போல நரைத்திருக்கும், குளித்தால் கறுத்துவிடும். உள்ளே போன தூசி குளித்தும் போகவில்லை. 2014 ஆவணியில் ஆஸ்பத்திரியிலிருந்து வில்சனின் ஆட்டோவில் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லியிருந்தார். பூங்கா வாசலில் அவருக்கு மூச்சு நின்றது. ஆட்டோவில் சாகக் கூடாது என்று வில்சனும், தெருவில் சாகக் கூடாது என்று மதினி பரிபூரணமும் நினைத்ததால், இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே புங்கை மர நிழலில் கிடத்தினார்கள். மதினி ஒப்பாரி வைக்கத் தொடங்கி, முதல் அடி முடிப்பதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, யாரு செத்தா?" என்று கேட்டார்.

அன்றைக்கு மூன்று தடவை அவரை வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கதவருகில் மூச்சு நின்றது. மூன்றாம் தடவை வில்சன், "அண்ணாச்சி, வீடு ஒமக்கு ஒத்துக்கல போலுக்கு" என்றான். அதோடு விட்டுவிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பூங்காவில் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. காவலாளி இருக்கலாம் என்பதும் விதி. ஆகவே நகராட்சி அவரைக் காவலாளியாக நியமித்தது. மண் தரை போட்ட மோட்டார் அறையில் பாய் விரித்துக்கொண்டார். மதினி மூன்று வேளையும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பூங்காவுக்கு வந்து நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். தாலி கட்டியது மட்டும் சஞ்சீவி மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்ததால் அவர் பார்க்கவில்லை.

அப்போது பூங்காவில் இருபத்து மூன்று மரங்கள். பதினொரு வேம்பு, ஒன்பது புங்கை, இரண்டு தூங்குமூஞ்சி, ஒரு நாவல். மற்றபடி மண் தரை, அருகம்புல், துருப்பிடித்த ஒரு சறுக்கு. அண்ணன் அங்கே குடியேறிய பிறகுதான் மற்றவர்களும் தங்களைக் கவனித்தார்கள். மில் சங்கு ஊதுவதற்கு அரை மணி முன்னால் அங்கே வந்து உட்கார்ந்த ஷிப்ட்காரர்களுக்குக் கைநடுக்கம் நின்றது. மகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து ஆறு வருடமாகத் தூங்காத சந்தனம் என்ற பெண், நாவல் மரத்தடியில் சாக்கை விரித்து மூன்று மணி முதல் ஐந்து மணி வரை தூங்கினாள்; பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியே வரும் பிள்ளைகள்கூட அவளைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பூங்காவைப் பார்த்து ஜன்னல் இருந்த வீடுகளில் தலைவலி மாத்திரை தேவைப்படவில்லை, அதனால் முக்கில் இருந்த மருந்துக்கடை சங்கரன்கோவில் ரோட்டுக்கு இடம் மாறியது. ஒரு கல்லூரிப் பேராசிரியர் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு வந்து, கதவுக்கு வெளியே ஒரு தடவையும் உள்ளே இருபது நிமிடம் கழித்து ஒரு தடவையும் நூற்று நாற்பது பேருக்குப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே அளவு குறைந்திருந்தது. மெஷின் கெட்டுவிட்டதென்று வேறு மெஷின் கொண்டுவந்தார். அதுவும் அப்படியே காட்டியது.

எங்கள் ஊரில் ஒன்றால் நன்மை கிடைத்துவிட்டால் அதற்கு உபயம் செய்யாமல் இருப்பது மரியாதை இல்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். சர்ச்சில் ஃபேன் இறக்கையில் எழுதுவார்கள். ஓடும்போது அதைப் படிக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பூங்காவுக்கு முதல் உபயத்தைச் செய்தது நான். 2016 தை மாதம் ஒரு சிமெண்ட் பெஞ்சு வாங்கிப் போட்டு, முதுகில் எங்கள் அப்பா பெயரை எழுதவைத்தேன். அண்ணன் ஈரத் தரையில் உட்காருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எழுத்துகளைத் தடவிப் பார்த்து, "அப்பா பேரு நல்லா விழுந்திருக்குலே" என்றார். அன்று சாயங்காலம் முழுவதும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார்.

அதைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு பெஞ்சு வந்தது. கைநடுக்கம் நின்றவர்கள் சேர்ந்து நடைபாதை போட்டார்கள். சர்க்கரை குறைந்தவர்கள் நுழைவு வளைவு கட்டினார்கள். சண்டை தீர்ந்து ஒன்று சேர்ந்த அண்ணன் தம்பிகள் சிமெண்ட் மான் இரண்டு வைத்தார்கள். நடைபாதைக்காக ஏழு மரம் போனது, வளைவுக்கு இரண்டு. சந்தனம் பாவம், கையில் இருந்ததைப் போட்டு நாவல் மரத்தைச் சுற்றித் தரை பூசிக் கொடுத்தாள். பூச்சு காய்ந்த மறுநாள் சாக்கை விரித்துப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. பிறகு ஒருநாளும் வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மணி முதல் ஐந்து மணி வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் போனார்கள்.

2018 பங்குனியில் அண்ணனுக்குக் கதவுப் பக்கம் மூச்சு வரவில்லை. நோய் திரும்பிவிட்டதென்று நினைத்தோம். வில்சன் கூடை நிறையக் கல் கொண்டுவந்து, அண்ணன் நடக்க நடக்க, மூச்சு நின்ற இடத்திலெல்லாம் ஒரு கல் வைத்துக்கொண்டே போனான். சுற்றி முடித்துவிட்டுப் பார்த்தால் கற்கள் பெஞ்சுகளைச் சுற்றியும் நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் கிடந்தன. முப்பத்தெட்டு சென்டில் பத்தொன்பது போயிருந்தது.

"சிமெண்ட் விழுந்த எடமெல்லாம் அவிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றான் வில்சன்.

அண்ணன் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எம்புட்டு ஆசையா செஞ்சாங்க" என்றார்.

முன்னாள் வார்டு கவுன்சிலர் சூர்யபிரகாஷிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "ஊரே மனசாரச் செய்யுது சார். வேண்டாம்னு எந்த வாயால சொல்ல? மண்ணுல யாரு நடப்பா, செருப்பெல்லாம் சகதியாவுதுல்லா?" என்றார்.

"எங்கண்ணன் செத்துருவாரு."

"அவரு பேரத்தான சார் ரெண்டாவது நடைபாதைக்கே வைக்கப்போறோம்!"

உபயம் செய்கிறவர்களைப் பார்த்து மரமாகக் கொடுங்கள் என்று கேட்டேன். மரத்தில் பெயரை எங்கே எழுதுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று அப்போது எனக்கும் பட்டது. கடைசியில் நாற்பது கன்று வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆளுயர இரும்புக் கூண்டு, கூண்டில் பெயர்ப் பலகை, கூண்டைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க அடியில் கான்கிரீட். அடுத்த சித்திரைக்குள் கன்றுகள் பட்டுப்போயின. கூண்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒருநாள் காலையில் கடப்பாரையைக் கொண்டுபோய் என் பெஞ்சை நானே உடைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. அடியில் இருந்த மண் அரைத்த பஞ்சைப் போல வெளுத்து, கையில் எடுத்தால் பறந்தது. அண்ணன் அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். முகம் கறுத்ததும் இறங்கிவிட்டார். மூச்சு திரும்பி வந்ததும், "அப்பாவத் தூளாக்கிட்டியேலே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உபயம் நிற்கவில்லை, மரங்களும் ஒவ்வொன்றாகப் போயின; 2021இல் ஆறு சென்ட் மிச்சம். வேறு எங்காவது அவருக்கு மூச்சு வருமா என்று பார்த்துவிடத் தீர்மானித்தோம். வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து வில்சன் ஆட்டோவில் வைத்துக்கொண்டு நாலு பேரும் போனோம். ஒரு சிலிண்டர் அரை நாள்தான் தாங்கும், நித்தம் இரண்டு எடுக்க எங்களுக்கு வசதி இல்லை. செட்டியார்பட்டியில் ஒரு மாந்தோப்பில் குழாயைக் கழற்றினோம், வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் துளசி வாசனை வந்தது, மூச்சு வரவில்லை. சுந்தரபாண்டியத்தில் தென்னந்தோப்பு. அங்கேயும் இல்லை. கடைசியாகச் செண்பகத்தோப்புக்குப் போனோம். அங்கே மலை முழுவதும் மரம். மேலே அணில்கள் கிளைக்குக் கிளை தாவின. எங்கள் மூன்று பேருக்கும் நெஞ்சு விரிந்தது. அண்ணன் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு மருத மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். முகம் நீலம் பாரித்தது. மதினி ஓடிப்போய்க் குழாயை மாட்டினார்.

"இம்புட்டு மரம் இருக்கே, ஒரு மரத்துக்குக்கூட மனசு எளகலயா?" என்று மதினி மலையைப் பார்த்துக் கேட்டார்.

"அதுகளுக்கு என்னையத் தெரியாதுல்லா" என்றார் அண்ணன். "எங்கூட மில்லுப் புகையக் குடிச்ச மரத்துக்குத்தான் என்னையத் தெரியும். போவோம், வண்டியத் திருப்பு."

2022 ஆனியில் மிஞ்சியிருந்தது ஒரு தூங்குமூஞ்சி மரமும் அதைச் சுற்றி ஏழடி மண்ணும். பல வருடக் கோபம் அந்த மர நிழலில் தணிந்துபோன ஒரு பெரியவரின் குடும்பம், மரத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்த வட்டமேடை கட்டிக் கொடுக்க முன்வந்தது. நான் நகராட்சிக்கு எழுதிய மனுக்களுக்கு, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கொத்தனார் பாண்டிச்செல்வத்தின் காலில் விழுந்தேன். அவர் பதறிப் பின்வாங்கி, "பிளான்ல இல்ல சார். ஆனா விட்டுத் தாரேன்" என்று அடிமரத்துக்கும் மேடைக்கும் இடையே ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை அடி இடம் விட்டார்.

அந்த ஒன்றரை அடியில் அண்ணன் பதினொரு நாள் நின்றார். உட்கார இடம் இல்லை. தூக்கத்தில் சாய்ந்தால் மூச்சு எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் மதினி பழைய வேட்டியால் அவரை மரத்தோடு சேர்த்துக் கட்டினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மேடையைச் சுற்றிப் போகும்போது வணக்கம் சொன்னார்கள். அவரும் கட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து வணக்கம் சொன்னார். சிலர் குடை கொண்டுவந்து பிடித்தார்கள். ஒருவர் அவருடைய பெயரில் இன்னொரு பெஞ்சு செய்யட்டுமா என்று கேட்டார்; அண்ணன் யோசித்துவிட்டு, "இப்ப வேண்டாம்" என்றார்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம் மதினி அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்கா?"

"காலுதான் வலிக்கு. மூச்சு நல்லா இருக்கு."

"கஞ்சி கொண்டாரட்டா?"

"பொறவு போலாம். செத்த நேரம் இரு."

தூங்குமூஞ்சியின் இலைகள் சாயங்காலம் மூடிக்கொள்ளும், விடிந்ததும் விரியும். பன்னிரண்டாம் நாள் விடிந்தது. இலைகள் விரியவில்லை. மேடைக்கு அடியில் வேர் எப்போதோ வெந்துபோயிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஏழு மணிக்குச் சங்கு ஊதியபோது அண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பத்துக்கு நான் வேட்டியை அவிழ்த்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் பூங்காக் கதவைத் தாண்டி வெளியே வந்தார். தடை ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் கிடத்தியபோது, சுவரில் புது வர்ணம் பூசியிருந்ததை அவர் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு மரத்தை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தையும் டைல்ஸ் பதித்து மூடினார்கள். பதித்த மூன்றாம் நாளிலிருந்து அந்த டைல்ஸ் ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு விரற்கடை ஏறும், நிற்கும், பிறகு இழுத்து இழுத்து இறங்கும். காண்ட்ராக்டர் மூன்று தடவை பெயர்த்துப் போட்டார். நான்காம் தடவை ஜல்லி கொட்டி ரோலர் விட்டுப் போட்டார். அதுவும் ஏறி இறங்கியது. மண் இளக்கம் என்று என்ஜினியர் எழுதிக் கொடுத்தார். கேள்விப்பட்டு மதினி ஒரு தடவை வந்தார். குனிந்து உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார். "இன்னும் இழுப்பு நிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பிறகு அவர் பூங்காப் பக்கம் வரவில்லை; வீட்டில் பூங்காவைப் பார்த்து இருந்த ஜன்னலையும் பலகை வைத்து அடித்துவிட்டார்.

நகராட்சி அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. இப்போது காலையிலும் மாலையிலும் முந்நூறு பேர் அங்கே நடக்கிறார்கள். யாருக்கும் கைநடுக்கம் நிற்பதில்லை, சர்க்கரை குறைவதில்லை, ஆனாலும் நடக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த இழுப்புச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும்; அப்போது காதில் மாட்டியிருக்கும் பாட்டைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும், "பாத்து வாங்க, அந்த எடம் கொஞ்சம் மூச்சு விடும்" என்று சொல்கிறார்கள். அவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறார்கள். மறுநாள் நிற்பதில்லை.