பத்துக்கு மூன்று

1

இந்தக் கதை ஒரு டிக் குறியிலிருந்து பிறந்தது. பெரிய தரிசனம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பரிசோதனைப் படிவம், அதில் பதினான்கு கட்டங்கள், ஒன்பதாவது கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். போட்டவன் நான்தான். அதைப் பற்றி எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு காகிதத்தைப் பாழாக்குகிறேன் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நான் எழுத்தாளன் இல்லை, ஒரு தடகள அணியின் பிசியோ. கணுக்கால் சுளுக்கு, தொடையின் பின்தசை இழுப்பு, முழங்கால் வீக்கம், இவைதான் என் பிழைப்பு. மூன்று கட்டில், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கால் ஆடும் மேசை, இவ்வளவுதான் என் அறை. பழைய படிவங்களின் முதுகுப்பக்கத்தில்தான் எழுதுகிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

2

முதல் தொடக்கம்: "அவள் காற்றாகப் பறந்தாள்…" அடித்துவிட்டேன். காற்றுக்கு ஏது கால்வலி?

இரண்டாம் தொடக்கம்: "ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வரும் வலி பெரும்பாலும் இரண்டு வகைப்படும்." என் மனைவி படித்துவிட்டு, "இது கதையா, ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டுற நோட்டீஸா?" என்றாள். ஆனாலும் இதை அடிக்க முடியாது. இது தெரியாவிட்டால் உங்களுக்கு மீதிக் கதை புரியாது.

ஒரு வகையில் எலும்பின் ஓரம் நெடுகப் பரவலாக வலிக்கும், ஒரு சாண் நீளத்துக்குக் கூட. உடம்பு சூடேறினால் கொஞ்சம் அடங்கும். ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் வைத்து, காலணியை மாற்றினால் சில வாரங்களில் சரியாகிவிடும். இன்னொரு வகையில் எலும்பிலேயே மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். அந்த வலி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒரு விரல் நுனியால் மூடிவிடலாம். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னால் பெரும்பாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் வந்தாலே ஓட்டத்தை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் ஓடவிட்டால்

(இந்த வாக்கியத்தை இங்கே முடிக்கத் தைரியம் இல்லை.)

3

கதாபாத்திரத்துக்கு வருவோம். எண்ணூறு மீட்டர் ஓடுகிற பெண், வயது பத்தொன்பது. எல்லோரும் அவளை 'மூணு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கட்டிலில் உட்காருகிற எல்லோரிடமும் "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்பேன். போட்டி இல்லாத மாதங்களில் ஈட்டி எறிகிறவன் நகம் பெயர்ந்ததற்கே "பதினொண்ணு சார்" என்பான். நாலுக்கு மேல் சொன்னால் ஓட்டம் கிடையாது என்பது என் அறையின் விதி. அதனால் தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டால் எங்கள் அணியில் ஒருவருக்கும் நாலுக்கு மேல் வலிக்காது.* இவள் மட்டும் வருடம் முழுக்க மூணு. கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையாதபோதும் மூணு.

* எனக்கு இது தெரியும். அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். ஆனாலும் கேட்பேன், சொல்வார்கள், எழுதிக்கொள்வேன்.

இவ்வளவு பிடிவாதக்காரியை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். அதனால் அவள் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். என் ஒட்டும் டேப்புகளைத் திருடுவாள். "சார், உங்க தொப்பைக்குப் பத்துக்கு எவ்வளவு குடுக்கலாம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

4

தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு காலைத் தாங்கித் தாங்கி வந்தாள். கோச் நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

"வெறும் தசைப்பிடிப்புதானே?" என்றார் கோச். நான் இன்னும் கையே வைக்கவில்லை.

"பத்துக்கு எவ்வளவு?" என்று அவளைக் கேட்டேன்.

"மூணு சார்."

[முதல் வரைவு: "ஒத்தக்கால்ல குதிம்மா" என்றேன். குதித்தாள். முகம் மாறவில்லை. நான் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?]

[இரண்டாம் வரைவு: "ஒத்தக்கால்ல குதிம்மா" என்றேன். குதித்தாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கோச் கத்தினார். "ஓட விடமாட்டேன்" என்று நான் எழுந்து நின்றபோது]

பாதியில் விட்டுவிட்டேன். அப்படி எழுந்து நிற்கிற ஆளை நான் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்ததில்லை.

5

இரண்டு வரைவையும் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு நல்லா வந்திருக்கா. கோச்சு நல்லா வந்திருக்காரு. பிசியோ மட்டும் சுவத்துல மாட்டுன படம் மாதிரி நிக்கிறான். ஏங்க, உண்மையில நீங்க குதிக்கச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை.

விரல் நுனியால் எலும்பை ஒவ்வொரு அங்குலமாக அழுத்தியிருக்க வேண்டும். நான் உள்ளங்கையால் தடவினேன். உள்ளங்கையால் தடவினால் எல்லா வலியும் பரவலான வலிதான். விரலை வைத்தால் அந்த இடம் அகப்பட்டுவிடும் என்று பயம். அகப்பட்டால் நான் வாய் திறக்க வேண்டும். கோச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாலு வருடம் உழைத்த பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும். "தசைதான்" என்றேன். அவள் போன பிறகு படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாவது கட்டம்: ஒற்றைக்கால் குதிப்பு, வலியில்லை. டிக்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டத்தில், இரண்டாவது சுற்றின் கடைசி வளைவுக்கு முன்னால் அவள் கால் முறிந்தது. நூறு மீட்டர் தள்ளி நின்றேன். சத்தம் எனக்குக் கேட்டது.

6

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். சேரவில்லை. திரும்ப அறுத்தார்கள். இனி பந்தயத்தில் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்கு அவள் தங்கியிருந்த விளையாட்டு விடுதியில் இடம் தொடர வேண்டும்.

நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். என் படிவத்தைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். 'வீராங்கனை காயத்தை மறைத்தார்' என்று அறிக்கை எழுதினார்கள். விடுதியில் அவள் இடம் போயிற்று. படிவத்தை அவளிடம் யாரும் காட்டவில்லை. அன்று குதித்தோமா இல்லையா என்பது அவளுக்கு நினைவில்லை. கட்டிலில் கிடந்தபடி மனதுக்குள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தாளாம்.

ஊன்றுகோலோடு என் அறைக்கு வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். வலி மாத்திரை போட்டுட்டு வந்து உங்களை ஏமாத்திட்டேன். நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் பாத்தீங்க. என்னாலதான் உங்களையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க."

"பரவாயில்லம்மா" என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமானது அதுதான்.

7

முடிவுகள், கைவசம் உள்ளவை:

நான் கடிதம் எழுதுகிறேன், அறிக்கையைத் திருத்துகிறார்கள், அவளுக்கு இடம் கிடைக்கிறது, என் வேலை போகிறது. (நியாயமான முடிவு. இதை எழுதும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடுகிறது.)

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் வேறு ஏதோ வேலைக்குப் போகிறாள். அவள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன். (இதுதான் நடக்கும் போலிருக்கிறது.)

அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், என்றோ மன்னித்துவிட்டாள். (எனக்கு ரொம்ப வசதியான முடிவு. அதனாலேயே நம்பவில்லை.)

8

இப்போது மணி நாலு. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் காலுக்கான பயிற்சிக்கு வந்துவிட்டாள்.

"பத்துக்கு எவ்வளவு?"

"ஏழு."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்ககிட்ட இனிமே பொய் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன் சார். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்."

"அப்ப இன்னிக்கு எடை வேணாம். காலை நேரா வச்சு மேல தூக்கு. பத்து தடவை. வலி கூடுனா நிறுத்திடு."

"அது என்ன சார், எப்பப் பாத்தாலும் எழுதுறீங்க?"

"கதை."

"என்னைப் பத்தியா? முடிவு நல்லா இருக்கா?"

"இன்னும் வரல."

"பத்து முடிச்சுட்டு வந்து வாங்கிப் படிக்கிறேன். ஒளிச்சு வைக்காதீங்க."

படுத்துவிட்டாள். வாய்விட்டு எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு.

இந்தக் கடைசிப் பக்கத்தை எந்தப் படிவத்தின் முதுகில் எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதே படிவம்தான். அலமாரியிலிருந்து காலையில் எடுத்தேன். காகிதத்தைத் திருப்பினால் ஒன்பதாவது கட்டம், நீல மை, என் கையெழுத்து.

ஐந்து. கால் நடுங்குகிறது, ஆனாலும் நேராகத்தான் தூக்குகிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மேசையின் இழுப்பறை பாதி திறந்து கிடக்கிறது. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் நான் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் போன பிறகு இழுப்பறையைக் காலி செய்கிறவர்களும் படிப்பதுண்டு. கொடுத்தேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் நான் மூணு என்றுதான் சொல்வேன்.

ஏழு. எட்டு.

"சார், ஒன்பது" என்கிறாள்.