முதல் மடக்கு

என் அப்பா செத்துப்போன செய்தியை, ரொட்டித் தட்டும் கையுமாக எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடிதான் கேட்டேன். அந்த நேரத்தில் அவர் மாடியில் பின்னறையில் உட்கார்ந்து, ரேடியோவில் டான்யூப் ஆற்றின் நீர்மட்டம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்தியைச் சொன்னவன் ரைமுண்ட். கப்பலில் வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி. அடுத்த ஊர்க்காரன்தான். சின்ன வயதில் எங்கள் ஆப்ரிகாட் மரத்தில் ஏறி அப்பாவிடம் காது திருகு வாங்கியவன். கோடைக்காலம் முழுக்க, புதன்கிழமைகளில், வெள்ளைக் கப்பல் கீழூர்த் துறையில் ஒதுங்கும். விருந்தாளிகள் மின்சாரச் சைக்கிள்களில் ஏறி ஆற்றோரப் பாதையில் வருவார்கள். முன்னால் கொடி கட்டிய சைக்கிளில் ரைமுண்ட். எல்லோருக்கும் கடைசியில் நான். பின்தங்குகிறவர்கள் வழி தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிற, அதிகம் பேசாத பெண் அதற்குப் போதும் என்று அவன் நினைத்திருப்பான். பேசாததால் எனக்கு எதுவும் புரியாது என்றும் நினைத்திருக்கலாம். ஆனால் கடைசியில் வருகிறவர்கள் மூச்சு வாங்க, முன்னால் பறந்துவிட்ட கணவனையோ மனைவியையோ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வருவார்கள். பள்ளியில் பாதியில் நின்ற என் ஆங்கிலம் அந்தத் திட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தது.

எங்கள் வீட்டில் அவர்கள் இறங்கி, வாதுமை மரத்தடி நீள மேசையில் உட்கார்ந்து, எங்கள் ஒயினைக் குடித்து, ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் தின்பார்கள். அம்மா அவர்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசுவாள். அதை ரைமுண்ட் ஆங்கிலத்தில் சொல்வான். அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் திராட்சைச் சரிவைக் காட்டி, "அவரு அங்கேருந்து விழுந்தப்புறம் நானும் பொண்ணுந்தான் தோட்டத்தப் பாத்துக்கறோம்" என்றாள். அது உண்மை. ரைமுண்ட் சரிவைப் பார்த்தான். மேசையில் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தச் சரிவைத் தாங்கும் கற்சுவரைக் கட்டும்போது விழுந்து இவருடைய கணவர் இறந்துவிட்டார், அன்றிலிருந்து இந்த அம்மா தனியாக நின்று தோட்டத்தைக் காக்கிறார் என்றான்.

மேசை அடங்கிவிட்டது. ஒருவர் தலையிலிருந்த சைக்கிள் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். விழுந்த மனிதருக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று எண்ணி அம்மாவும் தலையை ஆட்டினாள். எல்லோரும் சரிவை நோக்கிக் கோப்பையை உயர்த்தினார்கள். அன்று அவர்கள் வாங்கிப்போன ஒயின் பெட்டிகளை ஏற்றுவதற்குக் கப்பலிலிருந்து தனியாக ஒரு வண்டி வரவேண்டியிருந்தது.

அப்பா அதற்கு முன்பே பாதி மறைந்துபோனவர்தான். விழுந்ததில் உயிர் தப்பியது. ஊன்றுகோல்கள் இரண்டும் வலக்கை நடுக்கமும் மிஞ்சின. ஆனாலும் வசந்தத்தில் வந்த முதல் கூட்டங்களுக்கு, நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேசையின் தலைமாட்டில்தான் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எந்தப் புட்டியைத் திறந்தாலும் முதல் மடக்கு அப்பாவுக்கு. அவர் வாயில் உருட்டி, விழுங்கி, தலையசைத்த பிறகுதான் மற்றவர் கோப்பையில் ஊற்ற வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவின் கைக்கு அது பழக்கம். ஆனால் இப்போது கோப்பை அவர் கையில் ஆடியது. ஒயின் தாடையில் வழிந்தது. விருந்தாளிகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். மரியாதையாகவே, எதுவும் வாங்காமல் போனார்கள். "மாமா வெயில்ல எதுக்கு கஷ்டப்படணும் அத்தை, மேல போய் ஓய்வெடுக்கட்டுமே" என்று ரைமுண்ட்தான் முதலில் சொன்னான். அப்பா மாடியேறினார். ஏற வெகுநேரம் பிடித்தது. அதுவரை யாரும் எதுவும் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோப்பைகளைக் கழுவும்போது, ரைமுண்ட் என்ன சொன்னான் என்பதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள், புதன்கிழமை அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தாள்.

"செத்துட்டார்னா சொன்னான்?"

"ஆமா."

"அதான் அந்தப் பொம்பள கைய விடவே இல்ல."

அம்மா அடுத்த புதனன்று, ஜூலை வெயிலில், கழுத்து மூடிய, விதவைகள் போடுகிற கறுப்புச் சட்டையில் இறங்கி வந்தாள். ரைமுண்ட் அந்தச் சட்டையைப் பார்த்தான், அம்மா அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். சில வாரங்களில் அவள் பேச்சை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது சரிவைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டாள். நான் தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

அம்மாவை எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை. அந்தச் சரிவு இருக்கிறதே, அதில் இயந்திரம் ஏறாது. ஒவ்வொரு கொடியையும் குனிந்து கையால்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து ஹோல்ட்ஸர் விலைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்துபோனார். வரும்போதெல்லாம் அப்பா பாதியில் விட்ட சுவரில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார், ஏற்கெனவே தன்னுடையது என்பதுபோல. அறுவடைக்குள் ஒயின் விற்காவிட்டால் மூன்றாவது தடவை அவர் கேட்கவே வேண்டியிருக்காது, நாங்களே போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதான். அப்பாவின் அப்பா அடுக்கிய கற்களும் அந்தச் சுவரில் இருக்கின்றன. அப்பாவுக்கு அந்தச் சரிவைத் தவிர வேறு பேச்சு கிடையாது. படுக்கையில் கிடந்தபோதுகூட, எந்த வரிசையில் களை இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி, கீழ மாதாகோயில் மாதிரி அடங்கிப்போறாங்க திடீர்னு?" என்று ஒருநாள் கேட்டார். வெயில், களைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

ஆகஸ்டில் வந்த கூட்டத்தில் மார்ஜரி என்று ஒரு அம்மாள், கனடாக்காரி. எனக்கு முன்னால், எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். அவள் யாரையும் திட்டவில்லை. திட்ட ஆள் இல்லை. கணவர் சேர்ந்து போவதற்காகப் பதிவு செய்திருந்த பயணம். புறப்படும் முன்பே அவர் இறந்துவிட்டார். கப்பலில் சாப்பாட்டு மேசையில் அவர் பெயர் எழுதிய அட்டையை இன்னும் யாரும் எடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறேன் என்று, என் முகத்தைப் பார்க்காமலே, சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் அவளோடு மெதுவாகவே மிதித்தேன். எங்கள் வீட்டுக்கு வராமல் நேரே துறைக்குக் கூட்டிப்போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வாசலில் அவள் சைக்கிளை வாங்கிச் சாத்தினேன்.

அம்மா நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ரைமுண்ட் குரலைத் தாழ்த்தினான். மார்ஜரி கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, முகம் கழுவ எழுந்து உள்ளே போனாள். கீழே கழிப்பறையில் ஆள் இருந்தது. துண்டோடு நான் போய்ச் சேர்வதற்குள் அவள் மாடிப்படியின் பாதியில் இருந்தாள்.

மேலே கூடத்தில் அப்பா நின்றிருந்தார். ஊன்றுகோல்களோடு, நீல ஏப்ரனோடு. யாரும் கூப்பிடாவிட்டாலும் புதன்கிழமைகளில் அதைக் கட்டிக்கொள்வதை அவர் விடவில்லை. மார்ஜரி திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு, நீங்கள் இந்த வீட்டில் யார் என்று கேட்டாள். அவள் தோளுக்கு மேலாக அப்பா என்னைப் பார்த்தார். கீழே அவரைச் சாகடித்திருக்கிறோம் என்பது அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பார்வையில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை.

அப்பாவுக்கு விருந்தாளிகளிடம் பொறுக்கிய கொஞ்சம் ஆங்கிலம் உண்டு. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"வேலைக்காரன்."

"அப்படியென்றால் அவரை உங்களுக்குத் தெரியும்."

"ரொம்ப காலமா."

"எப்படிப்பட்டவர்?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பிடிவாதம்" என்றார். "பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டான். மழை பேஞ்சிருக்கு, இன்னிக்கு சுவத்துல ஏறாதேன்னு சொன்னா. ஏறினான். ஆனா சுவரு நல்லாக் கட்டுவான்."

மார்ஜரி அழுகையோடு சிரித்தாள். பிறகு அவர் கையை, நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள்.

அறைக்குள் ரேடியோ ஊர் ஊராக நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனது.

"இல்ல" என்றார் அப்பா. "சட்டுனு முடிஞ்சிடுச்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியல."

அவள் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் துண்டைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே கேட்டார்: "என்னைய எங்க புதைச்சீங்க?"

அம்மாவின் கத்தி ரொட்டிக்குள் நின்றது.

"சும்மாதான் கேக்கறேன். யாராவது கேட்டா மாத்திச் சொல்லிடக் கூடாதுல்ல."

அம்மா கத்தியை வைத்தாள். கறுப்புச் சட்டையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. "எங்கல்பெர்ட்" என்றாள். பெயர் சொல்லி அவள் கூப்பிடுவது அபூர்வம். "ஹோல்ட்ஸர்கிட்ட சரிவக் குடுத்துடுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்குக் காலையிலயே போய்ப் பேசிட்டு வர்றேன். நீ உயிரோட வந்து கீழ உக்காரு. சொல்லு, நான் கேக்கறேன்."

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சரிவு ஒரு பெரிய முதுகுபோல இருட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டியதை ரைமுண்ட் வந்து பேசினான். மார்ஜரி கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டாளாம், முதலாளி போன பிறகும் அந்த வீட்டை விட்டுப் போகாத வயதான வேலைக்காரரைப் பற்றி. கேட்டவர்கள் உருகிவிட்டார்களாம். அடுத்த கப்பல்காரர்கள்கூட விசாரித்தார்களாம். ரைமுண்ட் அப்பாவுக்கு முன்னால் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மாடியில அடைஞ்சு கெடக்கறீங்க. கீழ வந்து காத்தாட உக்காந்தாப் போதும். ஓரமா. ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"சம்பளம் உண்டாடா?" என்றார் அப்பா.

ரைமுண்ட் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். அம்மா எழுந்து பாதாள அறைக்கு இறங்கிப் போய்விட்டாள், அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லாமல்.

செப்டம்பரின் அந்தப் புதனன்று வெயில் பழுத்திருந்தது. ஒயின் விற்கிற வீடு என்பதற்கு அடையாளமாக, வாசலுக்கு மேலே கம்பில் புது பைன் கிளையைக் கட்டியிருந்தோம். சரிவில் திராட்சை மஞ்சளாகிவிட்டிருந்தது, அறுவடைக்கு நாளில்லை. ஹோல்ட்ஸர் மூன்றாவது தடவை வரவில்லை. நான் கடைசி ஆளை உள்ளே அனுப்பிவிட்டு சைக்கிளைச் சாத்தியபோது, அப்பா ஏற்கெனவே மரத்தடியில் இருந்தார். மேசையின் தலைமாட்டில் இல்லை. அங்கே ரைமுண்டின் தொப்பி இருந்தது. அப்பாவின் நாற்காலியைக் கால்மாட்டில், மேசையிலிருந்து கொஞ்சம் விலக்கி, வேலையாட்கள் உட்காருகிற மாதிரி போட்டிருந்தார்கள். ஏப்ரன் துவைத்துத் தேய்த்திருந்தது. விருந்தாளிகள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். இந்தத் தடவை யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. நடுங்கும் கையைக்கூட அன்போடு பார்த்தார்கள். ஒரு ஆள் படம் எடுத்தான். வெகுநாளைக்குப் பிறகு அப்பா முகத்தில் வெயில் படுவதை நான் பார்த்தேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைமுண்ட் இறந்தவரைப் பற்றிச் சொன்னான். முதலாளி எப்படி என்று ஒருவர் கேட்க, "பிடிவாதக்காரன்" என்றார் அப்பா. எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து போன வருடத்து ரீஸ்லிங் ஒயினோடு வந்தாள். கறுப்புச் சட்டை, வெள்ளைத் துணி, கையில் புட்டி. எல்லோர் முன்பும் தக்கையை இழுத்தாள். அது எப்போதும்போல ஒரு சின்ன சத்தத்தோடு வந்தது.

யோசிக்கவில்லை அவள். விருந்தாளிகள் நீட்டிய கோப்பைகளைத் தாண்டி, மேசையின் முழு நீளத்தையும் நடந்து, கால்மாட்டு நாற்காலியிடம் போய், புட்டியைச் சாய்த்தாள். அப்பாவின் கையும் தானாகக் கோப்பையைத் தூக்கியிருந்தது. அப்போதுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேசை முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ரைமுண்டின் வாய் திறந்தபடி இருந்தது.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் அதன் வாயை மூடினார்.

"மொதல்ல அவங்களுக்கு, எசமானியம்மா" என்றார்.

புட்டி சாய்ந்தபடியே நின்றது. அதன் விளிம்பில் திரண்டிருந்த ஒயின் அவருடைய புறங்கையில் சொட்டி, நடுங்குகிற விரல்களின் இடுக்கு வழியாக, கோப்பைக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது.