தாஜ்மகால் போகிற வழியில் ஏறியவர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வேனில் போன மூன்று பேரிடமிருந்து எடுத்தது. அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சித்தி மாடிப்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பாவைக் கேட்டதற்கு, "அதான் வந்து சேந்துட்டோம்ல, விடு" என்றார். மூன்றையும் கூட்டினால் ஒரு கதையும் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. மிச்சத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருள் சூழ்ந்த அந்தச் சாலையில்..."

[இல்லை. நல்ல வெயில். சித்தி கூலிங்கிளாஸ் போட்டிருந்தாள்.]

இனி அம்மாவை வடிவு என்றே எழுதப்போகிறேன். பெயர் சொன்னால்தான் அவள் வேனுக்குள் உட்காருகிறாள். அம்மா என்று எழுதினால் உடனே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

2

டெல்லிக்கு வந்து இத்தனை வருடமாகியும் வடிவு தாஜ்மகாலைப் பார்த்ததில்லை. வேலைசெய்கிற வீடு ஒன்றில் பளிங்கில் ஒரு குட்டி தாஜ்மகால் உண்டு. அதற்குத் தினமும் தூசி தட்டுவாள். அவ்வளவுதான் பழக்கம்.

புருஷன் ஐயப்பன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா நிற்கும். "கெளம்பு, இன்னைக்கு நெசத்தையே பாத்துட்டு வருவோம்" என்றார். வடிவின் தங்கை மஹாலட்சுமி புளிச்சோற்றுத் தூக்கோடு ஏறிக்கொண்டாள். மகள் மஞ்சு, அதாவது நான், போகவில்லை. வடிவு சொல்லும் கதையில் எனக்குக் காய்ச்சல். சித்தி சொல்லும் கதையில் எனக்குத் திமிர்.*

* காய்ச்சல்தான்.

3

ஆக்ரா ரோட்டில் பல்வல் என்கிற ஊரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அங்கேதான் அந்த ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துணிப்பை. பஸ் கிடைக்கவில்லை, போகிற வழியில் கோசி ஊர் வரைக்கும் விட முடியுமா என்று இந்தியில் கேட்டார். "பைட்டோ பாயி" என்று ஐயப்பன் முன்சீட்டைக் காட்டினார்.

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிடம் ஓரங்கட்டுகிறேன். டெல்லியில் எங்களுக்குத் தமிழ் என்பது ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என்ன வேண்டுமானாலும் பேசலாம். சரோஜினி நகர் கடைக்காரன் முகத்துக்கு நேராகவே, "இன்னும் எறங்குவான், நடக்கற மாதிரி நட" என்று பேசியிருக்கிறோம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் மூக்கைப் பற்றி அவள் தோளில் சாய்ந்தபடியே பேசியிருக்கிறோம். ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படித்தான் அன்றைக்கும்.

"ஏன்க்கா, இந்தாளப் பாரேன். மாமியார் வீட்டுக்குப் பொண்ணு கேக்கப் போற மாதிரி உக்காந்திருக்கான்" என்றாள் மஹாலட்சுமி.

"பைய ஏன்டி மடியிலேயே வச்சிருக்கான்?"

"உள்ள பொணம் இருக்கும்."

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

"மஞ்சு தனியா கெடக்குறா. பின்கதவுத் தாப்பாளு வேற நிக்க மாட்டேங்குது. தள்ளுனா தெறந்துக்கும்."

"முனிர்காவுல அந்தப் பிள்ளையார் கோயில் சந்துக்குள்ள, அதுவும் கடைசி வீட்டுக்கு எவன்க்கா வரப்போறான்?"

"பக்கத்துப் போர்ஷனும் காலியாக் கெடக்கே. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்ல."

"சும்மா பொலம்பாத வடிவு. ராத்திரிக்குள்ள வந்துரப்போறோம்" என்றார் ஐயப்பன்.

ஆக, எந்த நேரத்துக்குள் என்பதையும் அப்பாவே சொல்லிவிட்டார்.

4

கோசியில் அவர் இறங்கினார். கதவைச் சாத்தியவர், சன்னல் வழியாகக் குனிந்து வடிவைப் பார்த்துச் சொன்னார்:

"தாழ்ப்பாள இன்னிக்கே மாத்திப்போடுங்கக்கா. பொட்டப்புள்ள தனியா இருக்குதுங்கள்ல."

சேலத்துப் பக்கத்துப் பேச்சு. சுத்தமாக.

அவர் நிதானமாகச் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். டெல்லி போகிற பஸ் வந்தது. கைகாட்டி ஏறிக்கொண்டார்.

"வண்டியத் திருப்புய்யா" என்றாள் வடிவு. அவள் புருஷனை 'ய்யா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவையாம்.

மஞ்சுவுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிவைடரில் திரும்ப வழி கிடைப்பதற்குள் பஸ் கண்ணைவிட்டு மறைந்துவிட்டது. வடிவு மறுபடி போட்டாள். மறுபடி மணி. "எடுடி, எடுடி" என்று போனுக்குள்ளேயே சொன்னாள். மஹாலட்சுமி கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு அழுதாள். "நான்தான்க்கா கோயில் சந்தச் சொன்னேன்."

5

அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். மாசிலாமணி என்று எழுதினேன். உடனே நல்லவராகிவிட்டார். அடித்துவிட்டேன். பெயர் இல்லாமல் விட்டால் கெட்டவராகிவிடுகிறார். அதுவும் நியாயமாகப் படவில்லை.

அதனால் முடிவுகளைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன்.

நல்லவர் என்றால்: எத்தனையோ நாள் கழித்துக் காதில் தமிழ் விழுகிறது. தான் பேசினால் அந்தப் பேச்சு நின்றுபோகும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தார். டீக்கடையில் எதையோ மறந்து வைத்துவிட்டார். எடுக்கத்தான் திரும்பிப் போனார்.

நல்லவர் இல்லை என்றால்: பின்கதவு மெல்ல

[இதற்கு மேல் எழுத முடியவில்லை. நான் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.]

வடிவுக்குத் தெரிந்த முடிவு இது: சாயங்காலம் வந்து கதவை இடித்தார்கள். வெகுநேரம் கழித்து மஞ்சு திறந்தாள். "போன ஏன்டி எடுக்கல?" "தூங்கிட்டேம்மா." வடிவு அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயப்பன் தண்ணீர்கூடக் குடிக்காமல் தாழ்ப்பாள் வாங்கப் போனார்.

6

இப்போதெல்லாம் வெளியே போனால் அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை. ஜாடை காட்டுகிறார்கள். பஸ்ஸில் இரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு, சண்டை போட்டவர்கள் மாதிரி உட்கார்ந்து வருகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் அம்மா காதோரம் கேட்கிறாள்: "அன்னைக்கு யாரும் வந்தாங்களாடி?"

"இல்லம்மா" என்கிறேன்.

அது நிஜமா என்று உங்களுக்குத் தெரியவேண்டும். எழுதுகிறவள் சொல்லத்தானே வேண்டும், எனக்கும் புரிகிறது. ஆனால் நீங்களும் இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கும் தமிழ் தெரியும்.