சூடு ஆறாத செங்கல்

ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்கலுக்குப் பெண்கள் தெருவில் அடுப்பு வைக்க இடம் பிடிப்பதற்குத் திருவனந்தபுரத்தில் தனிச் சாமர்த்தியம் வேண்டும். நாலைந்து நாள் முன்பே மூன்று செங்கல்லைக் கொண்டுபோய் ரோட்டோரத்தில் வைத்து, சாக்பீஸால் பெயரை எழுதிவிட வேண்டும். அப்புறம் மந்திரி வீட்டம்மாவே வந்தாலும் அந்தக் கல்லை நகர்த்த மாட்டார். சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் பிரேமா இதில் கெட்டிக்காரி. வள்ளியூரிலிருந்து கொத்தனார் தங்கபாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக, மணக்காட்டில் நிசாமின் பஞ்சர் கடை வாசல்தான் அவள் இடம். அங்கே கொஞ்சம் நிழல் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே நிசாம் உண்டு.

பொங்கலன்று நிசாம் கடையைத் திறப்பதில்லை. டயர்களை உள்ளே அடுக்கிவிட்டு, வாசலைக் கழுவி, ஹோஸ் குழாயைப் பிடித்தபடி காலையிலிருந்தே நிற்பான். இந்த வருஷம் பொங்கல் நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. தான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அத்தனை பெண்களுக்கும் அவன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். பக்கத்து அடுப்புக்காரரான பாகீரதி மாமி கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருப்பவர். யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. அவரே, “ஏண்டாப்பா, செத்த நிழல்ல போய் உக்காரேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்டால்தானே.

பொங்கல் பொங்கி, பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து, பெண்கள் பானையோடு கிளம்பியதும் ஊருக்கு அடுத்த வேலை தொடங்கிவிடும். அடுப்புச் செங்கல் முழுவதையும் அன்றைக்கே பொறுக்கி லாரியில் ஏற்றுவார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட அந்தக் கல் போகும். இந்தத் தெருவுக்குப் பொறுப்பு நிசாம். குனிந்து பிரேமாவின் அடுப்பில் கை வைத்தவன் ‘ஸ்ஸ்’ என்று கையை உதறினான்.

“தம்பி, கையி வெந்துரும். காலால தட்டி விடு. ஆறட்டும்,” என்றாள் பிரேமா.

நிசாம் தயங்கினான். “சேச்சி, அம்மைக்கு வச்ச அடுப்பல்லே? செருப்புக் காலு கொண்டு தொடலாமோ?”

“தீர்த்தம் தெளிச்சாச்சுல்லா? இனி அது வெறுங்கல்லு. வெறுங்காலால தட்டுனா காலு வேகாதா? சும்மா தட்டு.”

அவன் பட்டும் படாமலும் தட்டினான். கல் உருண்டது.

இத்தனையையும் பிரேமா போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு நிறைந்து கிடந்தது. நன்றியை நாலு பேருக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. முழு வீடியோவையும் பேஸ்புக்கில் ஏற்றி, “நோன்பு வச்சிட்டு எங்களுக்குத் தண்ணி ஊத்துன நிசாம் தம்பிக்கு நன்றி” என்று போட்டாள். ஊரிலிருந்து அக்கா சுடலைமாடத்தி ஒரு ரோஜாப்பூ அனுப்பினாள். அத்தோடு சரி.

மறுநாள் மதியம் பாத்திரக்கடையில் கூட வேலை பார்க்கும் பெண், “இது கண்டோ சேச்சி?” என்று தன் போனை நீட்டினாள். பிரேமா போனை வாங்கிப் பார்த்தாள். அவள் எடுத்த வீடியோவின் கடைசித் துண்டு அது. தண்ணீர் ஊற்றியது இல்லை, அவள் சொன்னது இல்லை, அவன் கேட்டதும் இல்லை. செருப்புப் போட்ட ஒரு கால், மஞ்சள் குங்குமம் வைத்த அடுப்பு, உருளும் செங்கல்; அவ்வளவுதான். குரலை எடுத்துவிட்டுப் போர் முரசு மாதிரி ஏதோ சத்தத்தைப் போட்டிருந்தார்கள். ‘அம்மையின் அடுப்பை உதைக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கவா போகிறோம்?’ என்று மலையாளத்தில் கேள்வி வேறு. கீழே நிசாமின் கடை விலாசம், போன் நம்பர், சாயங்காலம் எல்லாரும் அங்கே கூட வேண்டும் என்ற அழைப்பு. வெட்டி ஒட்டிய அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. விளங்காமல் போக.

நிசாமுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். போலீசுக்குச் சொன்னாள், ஜீப் வரும் என்றார்கள். தங்கபாண்டிக்குப் போட்டாள்.

“நாம பிழைக்க வந்தவங்க பிரேமா. வீடியோவ அழிச்சிரு. நீ எடுத்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாண்டாம்,” என்றான் அவன்.

பயந்த மனுஷன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வருகிற நியாயமான பயம் அது. பிரேமாவும் அழிக்கத்தான் விரலை வைத்தாள். ஆனால் இதை அழித்துவிட்டால் நிசாம் கேட்டுத்தான் தட்டினான் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. விரலை எடுத்துவிட்டாள்.

‘அது என் அடுப்பு, நான்தான் தட்டச் சொன்னேன்’ என்று அந்தத் துண்டு வீடியோவின் கீழே எழுதிப் பார்த்தாள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டான் ஒருவன். கள்ள அக்கௌண்ட் என்றான் இன்னொருவன். அதைப் பரப்பியவர்களில் ஒரு முகம் அவளுக்குத் தெரிந்த முகமாக இருந்தது. வினீத். அடுத்த சந்து ஓமனாவின் மகன். ஓமனா, வருஷா வருஷம் பிரேமாவுக்கு இடப்பக்கம் அடுப்பு வைக்கிறவள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் வரப்போகிற பையன்கள் எங்கிருந்தோ குதித்தவர்கள் இல்லை. நேற்று வரிசையாகப் பொங்கலிட்ட பெண்கள் பெற்றவர்கள். கடையில் லீவு சொல்லிவிட்டு ஓமனாவுக்குப் போட்டாள், மாமிக்குப் போட்டாள், நம்பர் இருந்த அத்தனை பேருக்கும் போட்டாள். “அடுப்பு வச்ச எடத்துல வந்து உக்காரணும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்.”

“என் அடுப்பும் அங்கேதானேடீ இருந்தது,” என்றார் பாகீரதி மாமி. “இதோ ஆட்டோ பிடிச்சுண்டு வரேன்.”

சாயங்காலம் பைக்குகள் உறுமிக்கொண்டு வந்தபோது, பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் பெண்கள் அடுப்பில்லாத தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஷட்டருக்குப் பின்னால் நிசாம் இருந்தான். கையில் இரும்புக் கம்பியோடு முன்னால் வந்த வினீத், பெற்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“அம்மே, எழுந்நேல்க்கு. வீட்டுக்குப் போ.”

“நேத்து வெயிலத்து நான் இங்க இருந்தப்போ நீ எவிடெடா போயிருந்தே?” என்றாள் ஓமனா. “குடிக்கான் வெள்ளம் தந்தது இவனாக்கும்.”

பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து ஷட்டரில் மோதியது. மாமியின் தலைக்கு ஒரு சாண் மேலே. மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பிரேமா மட்டும் எழுந்தாள். வினீத்திடம் போனை நீட்டினாள்.

“பாக்காண்டாம் மோனே. காதுல வச்சுக் கேளு.”

அவன் வைத்தான். தெரு முழுக்க அவன் முகத்தையே பார்த்தது. செருப்புக் காலால் தொடலாமா என்று நிசாம் கேட்கிற இடம் வந்திருக்க வேண்டும், வினீத்தின் முகம் சுருங்கியது. மறுபடி போட்டுக் கேட்டான். பிறகு போனைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். போன் கைமாறக் கைமாறப் பின்வரிசையில் பைக்குகள் சத்தமில்லாமல் திரும்பின. தலைகுனிந்து போனவர்களும் உண்டு, முறைத்துக்கொண்டே போனவர்களும் உண்டு. வினீத் கம்பியைச் சாக்கடையில் போட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். எல்லாம் முடிந்த பிறகு, வழக்கம்போல, ஜீப் வந்தது.

போனைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த கை சிமெண்டாக இருந்தது. தங்கபாண்டி. எப்போது வந்து கூட்டத்தில் நின்றான் என்றே தெரியவில்லை. பிரேமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவனை, மாமியை, ஓமனாவை, ஒரு போனுக்கு ஓடிவந்த அத்தனை பேரையும் காலில் விழுந்து கும்பிட்டால் தேவலை என்றிருந்தது.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நிசாம் வெளியே வந்தான். ஒரே நாளில் முகம் பாதியாகியிருந்தது.

“தம்பி, நன்றின்னுதான் போட்டேன். அது இப்பிடி...” என்றாள் பிரேமா.

“சேச்சி எந்து செய்தது? ஒண்ணுமில்லா.” அவன் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அடுத்த வர்ஷம் நான் கையாலே எடுத்தோளாம் சேச்சி. வெந்தாலும் சாரமில்லா.”

அடுத்த வருஷமும் இருக்கிறது என்கிறானே! அந்தச் சொல்லுக்காகவே ஆற்றுக்கால் அம்மைக்கு இன்னொரு பானை பொங்கலாம் என்று தோன்றியது பிரேமாவுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ எடுக்காண்டாம் தம்பி,” என்றாள். “கல்லு ஆறுற வரைக்கும் நாங்க வீட்டுக்குப் போகமாட்டோம். நாங்களே எடுத்து லாரியில வச்சிட்டுப் போறோம்.”

“நானும் இருக்கேன்,” என்றார் மாமி, தரையிலிருந்து எழுந்திருக்க ஓமனாவிடம் கையை நீட்டியபடி.