காய்க்காத மரம்

லோகன் கொண்டுவந்த சாலாக் பழத்தை அமுதவள்ளி உரித்தாள். பாம்புச் செதில் போன்ற தோல் எளிதாகக் கழன்றது. ஒரு சுளையை வாயில் போட்டாள். புளிப்பு. கொட்டை பெரியது. மெதுவாக மென்றாள். கணவனின் தம்பி தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்தின் கீழே மோனோரயில் போனது.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நீயே சொல்லு."

"புளிக்குது லா. மரம் அதே மரம்தான். பூக்குது, காய் பிடிக்கல. வெளிய ஆண் பூ வாங்கித் தூவினா இப்படி வருது. கஸ்டமர் எல்லாம் திட்டறான்."

காப்பாரில் அந்தத் தோட்டத்தை அவள்தான் உருவாக்கினாள். காட்டோர மலாய்க் கம்பங்களில் கிராமம் கிராமமாக அலைந்து கன்றுகள் சேர்த்தாள். ஒன்று இனிக்கும், ஒன்றில் கொட்டை சிறிது, ஒன்றில் முள் குறைவு. ஒன்றின் பூவை மற்றொன்றில் தூவி, விதை போட்டு, மறுபடி தூவினாள். கடைசியில் ஓர் ஆண் மரம் தேறியது. அதன் மகரந்தத் தூள் பட்ட பூவெல்லாம் தேனாகப் பழுத்தது. வேலியோரம் அதன் பக்கக் கன்றுகளையே வரிசையாக நட்டாள். கணவன் தம்புசாமி இறந்தபின் நிலம் லோகனுடையது என்று தெரிந்தது. 'லோகன் சாலாக்' என்று பலகை வைத்தான். "நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணி" என்றான்.

அவள் சாமான் கட்டிய அன்று, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மரம் அறுக்கும் வாளோடு ஆட்களைக் கூட்டிவந்தான். வேலியோர வரிசையைக் காட்டினான்.

"இது காய்க்குமா அண்ணி?"

அவன் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவன். செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். சாலாக்கில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அவன் அதைக் கேட்கவில்லை.

"காய்க்காது" என்றாள்.

விழுந்த மரங்களிலிருந்து விரிந்த பூக்கதிர்களை மட்டும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "சாமிக்கா அண்ணி?" என்று சிரித்தான்.

அந்தக் கதிர்களில் உதிர்த்த தூளில் மிஞ்சியது ஒரு பொட்டலம். உறைபெட்டியில் வைத்திருந்தாள். ஒரு பருவத்துக்குப் போதும். அதைத் தூவிப் பழுத்த பழத்தின் விதையைப் போட்டால் அந்த ஆணின் பிள்ளைகள் முளைக்கும். சூடு பட்டால் தூள் செத்துவிடும். அதோடு அவளுடைய இத்தனை வருட வேலையும் முடிந்துவிடும்.

வருகிறேன் என்று அவன் போன் செய்ததும் அதை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். பலகையில் உங்க பேர் வரட்டும் அண்ணி என்று அவன் வாயால் வர வேண்டும். வந்தால் கொடுப்பாள்.

"அந்த ஆண் மரத்துக் கன்னு ஒண்ணாச்சும் வச்சிருக்கீங்களா அண்ணி?"

"எல்லாத்தையும் நீதானே வெட்டின."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டதுக்குச் சொன்னேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, விடுங்க. சம்பளத்துக்கு வாங்களேன். வெளிய யாருக்கும் சொல்ல வேணாம். லோகன் சாலாக்னு பேர் நிக்குது, அது கெடக்கூடாது, அவ்வளவுதான்."

அமுதவள்ளி எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கியவன் விரலைத் தம்ளர் சுட்டது. லோகன் மேசையில் இடம் தேடினான். வெள்ளிக் காகிதத்தில் மடித்த பொட்டலம் கையருகே கிடந்தது. அதை இழுத்து, தம்ளரை அதன்மேல் வைத்தான்.

"மேசை கறையாயிடும்ல அண்ணி" என்றான்.

அவள் எதிரே உட்கார்ந்தாள். தம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"ஆறட்டும்" என்றாள்.